பழைய மேட்டு மட்டிகள்

ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள சந்துகளில் போய் ஹில்டா வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். மட்டி டீச்சர் வீடு என்று கேட்டால் கையைப் பிடித்து அழைத்துப்போய் விடுவார்கள். மட்டி என்றால் கழிமுகச் சேற்றில் புதைந்து வாழும் சிப்பி. மண்டையில் ஒன்றும் இல்லாதவருக்கும் அதே பெயர்தான். கூப்பிடுகிறவர் எந்த மட்டியை நினைத்துக் கூப்பிடுகிறார் என்பது அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஹில்டா பார்க்க மாட்டாள். நாற்பதைத் தாண்டியவளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

அவள் ஒரு கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுத்தாள். பதவியின் பெயர் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரில் இருப்பதால் வேறெங்கும் தேவையில்லை என்று வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. கோடை விடுமுறை வந்ததும் வேலை போய்விடும். கல்லூரி திறக்கும்போது மறுபடி கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் இல்லை. ஒவ்வொரு வருடமும் ஜூன் மாதம் முழுக்க செல்போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு அலைவாள். இதிலிருந்து தப்பிக்க ஒரே வழி டாக்டர் பட்டம். அது இல்லாமல் நிரந்தர வேலைக்கு யாரும் வாசற்படியில்கூட நிற்கவிட மாட்டார்கள். அந்தப் பட்டத்துக்காக அவள் பதிவு செய்த காலம் முடிந்து, நீட்டிப்பு வாங்கி, அதுவும் முடிந்து, கெஞ்சி இன்னொரு நீட்டிப்பு வாங்கியிருந்தாள். இதற்கு மேல் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

கல்யாணம் ஆகவில்லை. வந்த இரண்டு மூன்று இடமும் "ஆராய்ச்சி முடியட்டும்" என்று தள்ளிப்போய், பிறகு வருவதே நின்றுவிட்டது. அம்மா ஹில்டா படிக்கும்போதே காலமாகிவிட்டார். வீட்டில் அவளும் அப்பா பாஸ்கலும்தான். அவரை அவள் நைனா என்று கூப்பிடுவாள்.

பாஸ்கலைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவர் கடலடி மண்ணை வாரும் கப்பலில் கயிறு இழுக்கும் கலாசியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேட்டையிலேயே பெரிய கப்ஸா மன்னர். துறைமுகத்தில் எந்தச் சுவரைக் காட்டினாலும் அது அவர் கட்டியது. எந்தக் கப்பல் மூழ்கப்போனாலும் கடைசி நிமிடத்தில் அவர்தான் கயிறு போட்டுக் காப்பாற்றியிருப்பார். ஒருமுறை ஒரு திமிங்கிலம் அவரைப் பார்த்துப் பயந்து திரும்பிப் போயிருக்கிறது. டீக்கடையில் அவர் வாயைத் திறந்தால் ஆட்கள் பெஞ்சை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். ஒரு சொல்லைக்கூட நம்ப மாட்டார்கள், ஆனால் எழுந்தும் போக மாட்டார்கள். ஹில்டாவும் அப்படித்தான் வளர்ந்தாள். அவர் பேச்சைக் காதில் வாங்குவாள், கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டாள்.

இனி மட்டிக்கு வருவோம். மட்டிக்கு இரண்டு ஓடு, வலது ஒன்று, இடது ஒன்று. இரண்டும் சேரும் இடத்தில் கதவுக் கீல் போல ஒரு பொருத்து, அதில் சின்னச் சின்னப் பற்கள். எந்த மட்டி எந்தக் குடும்பம் என்று பிரிக்க முதலில் அந்தப் பற்களைத்தான் பார்ப்பார்கள். வெளிநிறத்தையும் பளபளப்பையும் நம்பினால் ஏமாந்துபோவோம். அடுத்தது ஓட்டின் உள்பக்கம் தெரியும் ஒரு மெல்லிய கோடு. அந்தக் கோடு ஓரிடத்தில் உள்ளே வளைந்து போகும். மட்டி மூச்சுவிட மேலே நீட்டும் சதைக்குழாயை இழுத்து வைத்துக்கொள்ளும் இடம் அது. வளைவு ஆழமாக இருந்தால் குழாய் நீளம், குழாய் நீளமானால் மட்டி ஆழமாகப் புதைந்து வாழ்ந்தது என்று அர்த்தம். செத்து ஆயிரக்கணக்கான வருடம் ஆன பிறகும் ஒரு மட்டி எவ்வளவு ஆழத்தில் குடியிருந்தது என்று அதன் ஓடு சொல்லும். மாணவியாக இருந்தபோது இதை முதன்முதலில் கேட்ட அன்றைக்கு ஹில்டாவுக்கு மயிர் கூச்செறிந்தது. வீட்டுக்கு வந்து குழம்பில் கிடந்த மட்டியைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய ஆராய்ச்சி எண்ணூர்க் கழிமுகத்தில் இருந்தது. அங்கே கருவேலம் மண்டிய ஒரு மேடு இருக்கிறது. ஒரு பக்கம் தண்ணீர் அரித்து, வெட்டி வைத்த கேக் மாதிரி அதன் அடுக்குகள் தெரியும். அடுக்கடுக்காக மட்டி ஓடுகள். அங்கே மீன்பிடிக்கும் பிராங்கிளின் என்பவர்தான் அவளைப் படகில் ஏற்றி அந்த மேட்டில் முதலில் இறக்கிவிட்டது. "இது இன்னா இடம்ணா?" என்று கேட்டாள். "பழைய மேடு டீச்சர்" என்றார். "எத்தினி நாளா கீது?" என்று கேட்டாள். "நான் பொறக்கறதுக்கு மின்னாலேந்து கீது" என்றார். அவளுக்கு அது போதுமாக இருந்தது. ஆய்வேட்டில் ஆங்கிலத்தில் எழுதும்போது 'பழைய' என்பது 'பழங்கால' ஆகிவிட்டது. மேட்டின் அடியிலிருந்து எடுத்த ஓர் ஓட்டை வேறோர் ஊர் ஆய்வகத்துக்கு அனுப்பினாள். அங்கே தெரிந்தவர் தயவில் ஒன்றே ஒன்றுக்குத்தான் வயது பார்த்துக் கொடுத்தார்கள். சுமார் நாலாயிரம் வருடம் என்று பதில் வந்தது.

பிறகு அவள் கண்டுபிடித்ததுதான் விஷயம். மேட்டின் அடியில் கிடந்த ஓடுகள் தடிமனானவை, உள்வளைவு ஆழமில்லாதவை. மேலே போகப் போக ஓடு மெலிந்தது, வளைவு ஆழமானது. உச்சியில் தாள் போன்ற ஓடு, ஆழ வளைவு. பற்களிலும் ஒரு சின்ன மாற்றம். கீழே இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது என்பது நிலவியலின் அரிச்சுவடி. அப்படியானால் ஒரே வம்சத்து மட்டி, தலைமுறை தலைமுறையாகத் தன்னைத் தின்ன வருகிற நண்டுக்கும் நத்தைக்கும் பயந்து, இன்னும் ஆழம், இன்னும் ஆழம் என்று புதையக் கற்றுக்கொண்டிருக்கிறது! பரிணாமம் கண்ணெதிரே படிப்படியாக நிற்கிறது! புத்தகத்தில் படித்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். இப்படி ஒரே மேட்டில் கையால் தொட்டுப் பார்க்கக் கொடுத்துவைத்தவர்கள் எத்தனை பேர்? ஹில்டாவின் பத்து வருடத்துச் சந்தோஷம் முழுக்க அந்த மேட்டில் இருந்தது. வேறு எதிலும் இல்லை.

ஒரே ஒரு உறுத்தல். சேற்றில் புதைந்து வாழும் மட்டி செத்தால் இருந்த இடத்திலேயே, இரண்டு ஓடும் மூடியபடி, நின்ற நிலையில் கிடக்க வேண்டும். இந்த மேட்டில் ஜோடி ஓடு கிடைப்பதே அரிது. எல்லாம் தனித்தனியாக, குப்புறவும் மல்லாந்தும் கிடந்தன. புயல் அலை வாரிப் போட்டிருக்கும் என்று எழுதினாள். அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் பீம்ராவும் புயல்தான் என்றார். வங்காள விரிகுடாவில் புயலுக்கா பஞ்சம்?

கடைசிப் படி வந்தது. பொது வாய்மொழித் தேர்வு. பெயர்தான் தேர்வு, நடப்பதெல்லாம் நிச்சயதார்த்தம் மாதிரி இருக்கும். சொந்தக்காரர்கள் பட்டுப்புடவையில் வந்து உட்காருவார்கள். சமோசாவும் ஜாங்கிரியும் போட்ட அட்டைப்பெட்டி எல்லாருக்கும் உண்டு. முடிந்ததும் பொன்னாடை. பாஸ்கல் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்துகொண்டு, ஆங்கிலம் ஒரு வார்த்தை புரியாவிட்டாலும், முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மகள் எங்கே போகிறாள், என்ன பொறுக்குகிறாள் என்று அவர் அதுவரை கேட்டதில்லை. எண்ணூர்ப் பக்கம் சிப்பி பொறுக்குகிறாள் என்ற அளவில் தெரியும். பழைய மேடு என்ற பெயர் காதில் விழுந்திருக்கும், ஆனால் அது அந்தப் பக்கத்து மீனவர்கள் வைத்த பெயர். கப்பல்காரர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

ஹில்டா நன்றாகப் பேசினாள். வேறு மாநிலத்திலிருந்து வந்திருந்த தேர்வாளர் கறாரான ஆள். ஜோடி ஓடு ஏன் இல்லை என்று சரியாக அங்கேயே கை வைத்தார். புயல் என்றாள். அவர் தலையாட்டினார். திரையில் மேட்டின் படம் பெரிதாக நின்றது, பின்னால் சாய்ந்த ஓர் இரும்புக் கம்பத்தோடு. "அவையில் யாருக்காவது கேள்வி உண்டா?" என்று பீம்ராவ் சம்பிரதாயத்துக்குக் கேட்டார். யாரும் கேட்க மாட்டார்கள். சமோசா ஆறிக்கொண்டிருந்தது.

பாஸ்கல் எழுந்தார்.

"சார், கேள்வி இல்ல சார். ஒரே ஒரு வார்த்த. அந்த போட்டோவுல கீதே மேடு, அது எங்க ஏழாம் நம்பரு கொட்டு மேடு சார். நான் வேலைக்கி சேந்த புதுசுல முகத்துவாரத்த ஆழம் பண்ணப்போ மண்ணு கப்பல்லேந்து பைப்பு போட்டு நாங்க அட்ச்ச மண்ணு அது. அந்தக் கம்பம் சாஞ்சிகினு நிக்குது பாருங்கோ, அதுல கயிறு கட்னவனே நான்தான். நான் கொட்ன மண்ணுல என் பொண்ணு டாக்டரு ஆவுறா. இத்தவிட எனக்கு இன்னா சார் வோணும்?"

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவையில் சிரிப்பும் கைதட்டலும் எழுந்தன. ராயபுரத்திலிருந்து வந்தவர்களுக்கு இது பாஸ்கலின் இன்னொரு திமிங்கிலம். தமிழ் தெரியாத தேர்வாளர் பீம்ராவ் பக்கம் சாய்ந்து, பெரியவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். துறைமுகத்தில் வேலை பார்த்தவராம், எண்ணூரிலும் வேலை செய்திருக்கிறாராம், மகளை நினைத்துப் பூரித்துப்போயிருக்கிறாராம் என்று பீம்ராவ் ஆங்கிலத்தில் சொன்னார். அதில் ஒரு பொய்யும் இல்லை. தேர்வாளர் எழுந்து நின்றே கைதட்டினார். பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தார்கள். ஹில்டாவின் தோளில் பொன்னாடை விழுந்தது. மேடையில் அவள் முகம் மட்டும் வெளுத்திருந்தது. மகிழ்ச்சியில் அப்படி ஆகிவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள்.

ஆட்டோவில் திரும்பும்போது கேட்டாள்.

"நைனா, அந்த ஏழாம் நம்பரு... நெசமாவா? இல்ல சும்மா வுட்டியா?"

"இன்னா கண்ணு இப்டி கேட்டுட்ட? மத்ததெல்லாம் கொஞ்சம் கூட கொறச்சி சொல்லுவேன். வேலைய பத்தி பொய் சொல்லுவேனா? அந்தக் கம்பத்தாண்டதான் கையில அடிபட்டுச்சி" என்று பாஸ்கல் இடது கையின் தழும்பைக் காட்டினார். அந்தத் தழும்புக்கு அதுவரை அவர் நாலைந்து கதை சொல்லியிருக்கிறார். ஒன்று சுறா கடித்தது. ஹில்டா அதைப் பிடித்துக்கொண்டாள். கப்ஸாதான், இதுவும் கப்ஸாதான், கர்த்தரே இது கப்ஸாவாக இருக்கட்டும் என்று வீடு வரும்வரை மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். தன் அப்பா பொய்யராக இருக்க வேண்டும் என்று ஒரு மகள் ஜெபம் செய்தது ராயபுரத்தில் அதுவே முதல் தடவையாக இருக்கும்.

தண்ணீர் நன்றாக வற்றும் நாளாகப் பார்த்து எண்ணூர் போனாள். அதுவரை அவள் தோண்டியதெல்லாம் தண்ணீர் மட்டத்துக்கு மேலேதான். அடிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை. படகில் போகும்போது பிராங்கிளினிடம் கேட்டாள்.

"அண்ணே, இத்த ஏன் பழைய மேடுன்றீங்கோ?"

"அதோ அந்தாண்ட சாம்பல் கொட்டிகீறாங்களே, அது புது மேடு. அது வந்தப்பொறம் இது பழசாயிடுச்சி. வேற இன்னா டீச்சர்?"

படகு மேட்டில் முட்டியதும் இறங்கினாள். மேட்டின் அடியில் முழங்கால் சேற்றில் நின்று மண்வெட்டியால் வெட்டினாள். தடித்த ஓடுகள் கொத்துக் கொத்தாக வந்தன, அவளுடைய நாலாயிரம் வருடத்து முப்பாட்டன்கள். அவற்றுக்குக் கீழே மண் சட்டென்று கறுத்தது. கழிமுகத்தின் உண்மையான தரை அது. அந்தக் கறுப்பில் மட்டிகள் இருந்தன. எல்லாம் ஜோடி ஓடு, மூடியபடி, நின்ற நிலையில், வாழ்ந்த இடத்திலேயே செத்தவை. தடித்த ஓடு மேலாக நின்றது, அதற்குக் கொஞ்சம் கீழே மெல்லிய ஓடு நின்றது. இரண்டும் ஒரே சேற்றில், ஒரே காலத்தில், மேல் வீடும் கீழ் வீடுமாகக் குடியிருந்திருக்கின்றன. பற்களைக் கழுவிப் பார்த்தாள். ஒரு வம்சமே இல்லை, இரண்டு வேறு இனம். பத்து வருடமாகப் பற்களில் பார்த்து 'மாற்றம்' என்று எழுதியது மாற்றமே இல்லை. அக்கம்பக்கத்துக் குடித்தனக்காரர்களைப் பிடித்துத் தாத்தாவும் பேரனும் ஆக்கிவிட்டிருந்தாள்.

அந்தக் கறுப்புத் தரைக்கும் மேட்டுக்கும் நடுவே, நசுங்கிக் கிடந்தது ஒரு நீல நைலான் வலைத் துண்டு. அதில் பிளாஸ்டிக் மிதவை ஒன்று முழுசாக இருந்தது.

மேட்டில் எப்படி அவ்வளவு ஒழுங்காக அடுக்கு வந்தது என்பதை யோசிக்க அவளுக்கு நேரமே ஆகவில்லை. கப்பல் சேற்றையும் ஓட்டையும் தண்ணீரோடு உறிஞ்சிக் குழாயில் அடித்திருக்கிறது. கனமான ஓடு முதலில் விழுந்து அடியில் தங்கியது. லேசான ஓடு தண்ணீரில் மிதந்து பிறகு மேலே படிந்தது. நாலாயிரம் வருடப் பரிணாமம் என்று அவள் படித்தது கப்பலின் ஒரு ஷிஃப்ட் வேலை. வரிசையைத் தலைகீழாக்கிப் படித்தாலும் பயனில்லை. கப்பல் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று வாரியது. எந்த ஓடு எந்தக் காலம் என்று இனி ஆண்டவனாலும் பிரிக்க முடியாது. ஓடுகள் பழையவைதான், வயது பார்த்தவர்கள் பொய் சொல்லவில்லை. அவை கிடந்த வரிசைதான் பொய்.

ஹில்டா அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது, உடம்பு முழுக்க வெட்கம். தண்ணீர் ஏற ஆரம்பித்ததும் பிராங்கிளின்தான் கைகொடுத்துத் தூக்கிப் படகில் ஏற்றினார்.

மறுநாள் பீம்ராவ் அறையில் மிதவையையும் ஜோடி ஓடுகளையும் மேஜைமேல் வைத்தாள். அவர் மிதவையைத் தொடவே இல்லை.

"உங்கப்பா சொன்னப்பவே எனக்குத் திக்குன்னுதான் இருந்துது ஹில்டா. வேணும்னேதான் அந்த ஒரு வரியை விட்டேன். தப்பு என்னோடதுன்னே வெச்சுக்கோ. இதை எடுத்துட்டுப் போயிடு. யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே சார்."

"தெரிஞ்சு? இந்தப் பட்டம் இல்லேன்னா உனக்கு வேற என்ன இருக்கு, சொல்லு."

அவர் கெட்டவர் இல்லை. உண்மையாகவே கேட்டார்.  "ரெண்டு இனம் ஒரே சேத்துல பங்கு போட்டுக்கிட்டு வாழ்ந்ததுன்னு மாத்தி எழுதலாமா சார்?" என்று கேட்டுப் பார்த்தாள். கேட்கும்போதே பதில் தெரியும். இரண்டு இனமும் எல்லாப் புத்தகத்திலும் ஏற்கெனவே இருப்பவை, அப்படி வாழ்வதும் எல்லாருக்கும் தெரிந்தது. புதிதாக எழுதக் காலமும் முடிந்துவிட்டது. பீம்ராவ் தலையை அசைத்தார்.

ஆய்வேட்டைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னாள். இதில் வீரம் தேட வேண்டாம், அவளுக்கு அது கிடையாது. பொய்யை வைத்துக்கொண்டு வாழ முடிந்திருந்தால் சந்தோஷமாக வாழ்ந்திருப்பாள். ஆராய்ச்சி என்பது ஒருவர் சொன்னதன்மேல் அடுத்தவர் கால் வைத்து ஏறும் படி. எங்கோ யாரோ ஒரு பிள்ளை இந்தப் பொய் வம்சத்தை நம்பி அடுத்த படியை வைக்கும் என்ற நினைப்போடு அவளால் வகுப்பில் நிற்க முடியாது. அவ்வளவுதான். வேறு வகை மனுஷியாக இருக்க அவளுக்குத் தெரியவில்லை.

தெருமுனையில் கேரம் கிளப் பையன்கள் அதற்குள் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். 'எங்கள் பேட்டையின் முதல் டாக்டரம்மா' என்று அவளுடைய அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டு, கீழே பாஸ்கல் கைகூப்பி நிற்கும் படம். டீக்கடையில் அவர் ஏழாம் நம்பர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. படித்தவர்கள் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லி, வெளிமாநிலத்துப் பெரிய மனிதரே எழுந்து கைதட்டினார் என்றால் அது உண்மையாகத்தானே இருக்க வேண்டும்? வாழ்க்கையில் முதன்முறையாக அவர் பேச்சை எல்லாரும் நம்பினார்கள். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. ஹில்டா அவரைக் கூப்பிடாமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

இரண்டு நாள் சொல்லாமல் இருந்தாள். மூன்றாம் நாள், பட்டம் எப்போது கையில் வரும், அன்றைக்குப் பாதருக்கும் சொல்ல வேண்டுமே என்று அவர் கேட்டபோது சொல்லிவிட்டாள். மெதுவாக, அவருக்குப் புரியும்படி, ஓட்டைக் கையில் கொடுத்துச் சொன்னாள்.  அவர் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து அவள் பார்த்ததில்லை.

முடிந்ததும் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

"எங்க நைனா?"

"உன் காலேஜுக்கு. நான் கப்ஸா வுட்டேன்னு சொல்றேன். ஏழாம் நம்பரும் இல்ல, எட்டாம் நம்பரும் இல்லன்றேன். பேட்ட பூரா கேட்டுப் பாக்கட்டும், பாஸ்கலு புளுகன்னு அல்லாரும் சொல்லுவாங்கோ. எவன் நம்ப மாட்டான்?"

"நீ சொன்னது நெசம் நைனா."

"நெசமா இருந்தா இன்னா? எனக்கு இன்னாத்துக்கு அது? நீ பட்டத்த எட்த்துக்கோ."

"நான் போயி பாத்துட்டேன். இனிமே நீ பொய் சொன்னாலும் ஒண்ணும் ஆவாது."

அவர் சட்டைப் பித்தானைப் போட்டபடியே நின்றார். போட்ட பித்தானையே மறுபடி கழற்றினார். பிறகு கேட்டார்.

"அன்னிக்கி நான் வாயத் தொறக்காம குந்திகினு இருந்தா, நீ டாக்டருதானே?"

இல்லை என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். எப்படியும் தெரிந்திருக்கும் நைனா, யாராவது கண்டுபிடித்திருப்பார்கள், உன்மேல் தப்பில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அவர் அதற்காகத்தான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஹில்டாவுக்கு அவர்மேல் கோபம் இல்லை. பட்டத்துக்காகச் சொல்ல முடியாமல் போன பொய்யை இவரிடமாவது சொல்லித் தொலைக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தாள்.

"ஆமா நைனா" என்றாள்.

கல்லூரி திறந்தபோது அவளைக் கூப்பிடவில்லை. இப்போது மாத்தூரில் ஒரு டியூஷன் சென்டரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறாள். ஃபிளெக்ஸை மழையே கிழித்துவிட்டது. பாஸ்கல் காலையில் டீக்கடைக்குப் போகிறார். யாராவது பழைய பழக்கத்தில் பெஞ்சை இழுத்துப் போட்டு, "இன்னா பெர்சு, அந்தத் திமிங்கிலத்த பத்தி சொல்லேன்" என்றால், "எனக்கு இன்னா தெரியும், நான் சும்மா கயிறு இழுத்துகினு இருந்தவன்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்து முடிக்கிறார்.